வர்த்தக வியாசங்களும் மூல நூல்களும்

வர்த்தகக் கல்வி பயிலும் மாணாக்கர் ஆண்டுதோறும் வியாசங்கள் பல எழுதுகின்றனர். அவற்றின் இறுதியில் மேற்கோள் நூல்களின் அட்டவணையொன்று அழகுற அமைந்திருக்கும். அவ்வட்டவணையிற் கண்ட நூல்களுள் எத்தனையைத் தாம் திறந்து பார்த்தனர் என்று வினவின், பெரும்பாலும் மௌனமே விடையாகும். ஒருவர் எழுதியதை நோக்கி மற்றொருவர் எழுத, மூலத்தை ஒருவருமே காணாதிருத்தல் வழக்கமாகிவிட்டது. இதனால் விளையும் கேடு சிறிதன்று.

ஓர் உதாரணம் காட்டுவாம். மனிதனுடைய தேவைகளை ஐந்து படிகளாக வகுத்து, பிரமிட் வடிவில் வரைந்து, அதன்கீழ் 'மாஸ்லோ, 1943' என்று பொறித்தல் நிர்வாகவியல் வியாசங்களில் மலிந்து காணப்படுவது. ஆபிரகாம் மாஸ்லோ என்னும் அமெரிக்க உளநூலறிஞர் அவ்வாண்டு 'சைக்கலாஜிகல் ரிவ்யூ' என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையைப் புரட்டிப் பார்ப்பவர் வியப்படைவர். அதில் அப்பிரமிட் யாண்டும் இல்லை. 2019-ஆம் ஆண்டில் பிரிட்ஜ்மன், கம்மிங்ஸ், பல்லார்ட் என்னும் அறிஞர் மூவர் இதனை ஆராய்ந்து, அவ்வடிவத்தின் தோற்றத்தை 1960-இல் சார்லஸ் மக்டர்மிட் என்பார் எழுதிய கட்டுரையொன்றிற் கண்டனர்.

படத்தை வரைந்தவர் எவராயினும் என்ன என்பாரும் உளர். படத்தோடு பொருளும் திரிந்ததன்றோ குறை! கீழ்ப்படி முற்றும் நிறைந்த பின்னரே மேற்படியில் வேட்கை எழும் எனப் பலர் எழுதுகின்றனர். அஃது பிழையான எண்ணம் என்று மாஸ்லோவே அக்கட்டுரையில் மறுத்திருக்கின்றார். சாதாரண மனிதனொருவனுக்கு உடற்றேவைகள் நூற்றுக்கு 85 பங்கும், பாதுகாப்பு 70 பங்கும், அன்பு 50 பங்கும், மதிப்பு 40 பங்கும், தன்னாற்றல் மலர்ச்சி 10 பங்கும் ஒரே காலத்தில் நிறைவுற்றிருக்கலாம் என உத்தேசமாக எண்களும் இட்டுக் காட்டினார். இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அரைவயிற்றுக் கூலியாளுக்கு மானமும் மரியாதையும் எதற்கு என்று எண்ணும் நிர்வாகி, தன் எண்ணத்திற்குப் பிரமாணமாக அப்பிரமிடையே எடுத்துக் காட்டலாம். மூலத்தைப் படித்தவனோ அங்ஙனம் சொல்லத் துணியான்.

மூலங்கள் எட்டாக்கனிகள் அல்ல. பாடநூல் வாயிலேயன்றி வீடன்று. அதன் அடிக்குறிப்பைப் பற்றிப் பின்னோக்கிச் சென்றால் மூலம் புலப்படும். அம்மூலத்தைப் பிற்காலத்தில் எடுத்தாண்டோரும் மறுத்தோரும் யாவர் என்பதைக் கூகிள் ஸ்காலர் காட்டும். ரிசர்வ் வங்கியின் அறிக்கைகளும் புள்ளிவிவரங்களும், பங்குச்சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும், 'ஷோத்கங்கா' களஞ்சியத்திலுள்ள இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் பொருட்செலவின்றிக் கிடைப்பன. விலைமிக்க சஞ்சிகைகளைப் பெறும்பொருட்டு, அரசாங்க நிர்வாகத்திலுள்ள கல்விநிலையங்களுக்கென 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்தை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில் இந்திய அரசாங்கம் 2024 நவம்பரில் அங்கீகரித்தது. ஏனைய கல்லூரி மாணாக்கர் தம் நூலகரை அணுகுவாராக. கட்டுரையாசிரியர்க்கே கடிதம் வரைந்து பிரதி வேண்டுதலும் தகும்.

எனினும், மூலம் என்ற மாத்திரத்தில் ஒன்று மெய்யாகிவிடாது. சத்யம் கம்பெனியின் கணக்கிற் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது இல்லாத பணம் என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஒப்புக்கொண்டார். அவ்வறிக்கைகள் தணிக்கையாளரின் ஒப்பம் பெற்றவை. ஆதலின் ஓர் ஆதாரத்தை வேறோர் ஆதாரத்தோடு ஒப்புநோக்கித் துணிதல் வேண்டும்.

இக்காலத்தில் புதியதோர் இடரும் சேர்ந்துளது. செயற்கை அறிவுக் கருவிகள், கேட்டவுடன் இல்லாத நூல்களுக்கும் பெயரும் ஆண்டும் கற்பித்துத் தரவல்லன. 2023-இல் நியூயார்க் நகரில், அத்தகைய கருவி கற்பித்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பெற்றது. தேடிப் பார்த்திருப்பின் அவமானம் நேர்ந்திராது.

குற்றம் மாணாக்கரிடத்து மாத்திரமன்று. இருபது மேற்கோள் இருந்தாலன்றி மதிப்பெண் இல்லை என்று விதிக்கும் ஆசிரியர், படியாத நூல்களின் பெயரை எழுதுமாறு தாமே தூண்டுகின்றனர். மூன்று மூலங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் எப்பக்கத்தில் யாது கண்டான் என்று மாணாக்கன் வாயாற் சொல்லுதல் வேண்டும். இதுவே நாம் விரும்பும் சீர்திருத்தம். காலம் இல்லை என்பார்க்கு ஒன்று சொல்லுவோம்: மேற்கூறிய மாஸ்லோவின் கட்டுரை முப்பது பக்கங்களுக்கு உட்பட்டதே, ஒரு மாலைப்பொழுது அதற்கு அமையும்.

சரக்கைக் காணாமல் ரசீதிற் கையொப்பமிடும் வணிகனை உலகம் நகும். நூலைக் காணாமல் அட்டவணையில் அதன் பெயரைப் பொறித்தலும் அவ்வகைத்தே. நாளைக்கு வணிகத்தை நடத்தப் புகும் நம் இளைஞர் அப்பழக்கத்தை இன்றே விடுத்தல் நன்று.