உலகத்தையே செஞ்ச சாமிக்கு ஏன் வீடு இல்லை?

கடந்த டிசம்பரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்து வீட்டில் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் முடிந்து வந்த என்னையும் வைக்கோல் பரப்பக் கூப்பிட்டுக்கொண்டாள் அந்த வீட்டுக் குட்டிப் பெண். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மரியாள், சூசை, மேய்ப்பர்கள், ஒரு கொம்பு உடைந்த மாடு என எல்லோரும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தாயிற்று. தீவனத் தொட்டி மட்டும் காலியாக இருந்தது. குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24-ம் தேதி இரவுதான் அதில் வைப்பார்களாம்.

அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "அக்கா, உலகத்தையே செஞ்சது சாமிதானே? அப்புறம் ஏன் அவருக்கு ஒரு வீடுகூட இல்லை?"

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. "பாட்டிகிட்ட கேளு" என்று தப்பித்து வந்துவிட்டேன். ஆனால், கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னால் ஒரு பேரரசையே இரண்டுபடுத்திய விவகாரத்தின் வாசலில் அவள் நிற்கிறாள் என்று.

இரண்டு கதையா, ஒரே கதையா?

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், கடவுள் சொல்லச் சொல்ல உலகம் உண்டாகிறது. ஒளி, கடல், செடி கொடிகள், மீன், பறவை, கடைசியில் மனிதன். படைத்ததைப் பார்த்து 'நல்லது' என்று கடவுள் கண்டதாக முதல் அதிகாரத்தில் மட்டும் ஏழு முறை வருகிறது.

புதிய ஏற்பாட்டில் யோவான் எழுதிய நற்செய்தியும் அதே 'ஆதியிலே' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அவர் தொழுவத்தைப் பற்றியோ, மேய்ப்பர்களைப் பற்றியோ பேசவில்லை. உலகம் உண்டாகக் காரணமாக இருந்த அந்த 'வார்த்தை'யே உடலெடுத்து மனிதர்கள் நடுவில் வாழ வந்தது என்கிறார். படைப்பு ஒரு கதை, கிறிஸ்துமஸ் வேறொரு கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்தவ நம்பிக்கையில் இரண்டும் ஒரே கதை. செய்தவரே தான் செய்ததற்குள் வருகிறார்.

கடைத்தெரு வரை போன சண்டை

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த ஆரியுஸ் என்ற குருவுக்கு இது எளிதாக இல்லை. 'கடவுள் ஒருவரே. அப்படியென்றால் மகன் எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் அவரும் படைக்கப்பட்டவராகத்தான் இருக்க முடியும்' என்பது அவருடைய வாதம். கருத்தைப் பரப்ப மாலுமிகளுக்கும் வழிப்பயணிகளுக்கும் பாட்டு கட்டிக் கொடுத்தார் என்கிறார்கள் பழைய வரலாற்று ஆசிரியர்கள்.

சண்டை முற்றியதும் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-ம் ஆண்டில் ஆயர்களை நைசியாவுக்கு அழைத்தார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்ற பெயரில் இருக்கும் ஏரிக்கரை ஊர் அது. மகன் படைப்பு வரிசையில் ஒருவர் அல்ல, தந்தையோடு ஒன்றானவர், எல்லாம் அவர் வழியாகவே உண்டாயின, அவரே நமக்காக மனிதரானார் என்று அந்தச் சங்கம் முடிவு செய்தது. 2025-ல் அதற்கு 1,700 ஆண்டுகள் நிறைந்தன.

முடிவு வந்தும் சண்டை ஓயவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து கான்ஸ்டான்டிநோபிளில் நடந்ததை நிஸ்ஸாவின் கிரகோரியார் கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். சில்லறை கேட்டால் கடைக்காரர் மகனின் பிறப்பைப் பற்றி விளக்குவாராம். ரொட்டி என்ன விலை என்றால், தந்தையே பெரியவர் என்று பதில் வருமாம். இன்றைய வாட்ஸ்அப் குரூப்களைப் பார்த்திருந்தால் அவர் ஆச்சர்யப்பட்டிருக்க மாட்டார்!

அழிந்த ஓவியமும் ராஜா தங்கிய வீடும்

நைசியா சங்கத்துக்குத் தன் ஆயரோடு வந்திருந்த இளம் திருத்தொண்டர் அத்தனாசியுஸ். 328-ல் அவரே அலெக்சாந்திரியாவின் ஆயரானார். அதன்பின் பேரரசர்கள் மாற மாற, ஐந்து முறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். 45 வருட ஆயர் பணியில் சுமார் 17 வருடங்கள் வெளியேற்றத்திலேயே போயின. ஒரு சொல்லை விட்டுக்கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை?

மனிதரான கடவுளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. பலகையில் வரைந்த ஒருவரின் உருவப்படம் அழுக்கேறி அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையைத் தூக்கிப் போடுவதில்லை. படத்தில் இருந்தவரே மறுபடி வந்து எதிரில் உட்கார்ந்தால், அதே பலகையில் திரும்ப வரையலாம். மனிதன் கடவுளின் சாயல். அந்தச் சாயல் சிதைந்துபோனதால், சாயலுக்கு உரியவரே வரவேண்டியிருந்தது என்கிறார் அத்தனாசியுஸ். வந்தவரும் இன்னொரு படைப்புதான் என்றால், அவரால் இதைச் செய்ய முடியாது. அவருக்கு அது வெறும் சொல் சண்டை இல்லை. மனிதன் மீள முடியுமா, முடியாதா என்ற கேள்வி.

இன்னோர் உவமையும் சொல்கிறார். பெரிய ராஜா ஒருவர் ஓர் ஊருக்கு வந்து, ஏதோ ஒரு வீட்டில் தங்குகிறார். அந்த ஒரு வீட்டால் ஊருக்கே மரியாதை வந்துவிடுகிறது. எதிரியும் கொள்ளைக்காரனும் அந்த ஊரைத் தொட யோசிப்பார்கள். கடவுள் ஓர் உடலில் தங்கியதால் மனிதர் எல்லோருக்கும் அந்த மரியாதை என்பது அவர் கணக்கு.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயேசுவுக்கு நிஜமான உடலே இல்லை, உடல் இருப்பதுபோலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று ஆரம்பக் காலத்திலேயே சிலர் சொன்னார்கள். சதையும் ரத்தமும் கடவுளுக்கு இழிவு என்பது அவர்கள் எண்ணம். திருச்சபை அதை ஏற்கவில்லை. பசித்தது, களைத்தது, அழுதது எல்லாம் நிஜம் என்றது. அப்படியானால் வியர்க்கிற உடம்பு, நோயில் கிடக்கிற உடம்பு, மூட்டு தேய்ந்த உடம்பு எதுவுமே கேவலமில்லை. நம்புகிறோமோ இல்லையோ, யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

குடிலின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1223 கிறிஸ்துமஸில் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் நிஜமான தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் வைத்து, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதன்பின் பார்வை மங்கி நோயில் கிடந்த நாள்களில் சூரியனையும் காற்றையும் சகோதரர்கள் என்றும், நிலவையும் தண்ணீரையும் சகோதரிகள் என்றும் பாடியவரும் அவர்தான்.

24-ம் தேதி இரவு பூசை முடிந்து வந்தவர்கள், கேக் சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். குட்டிப் பெண் இரண்டு கைகளாலும் சுரூபத்தை ஏந்தி வந்து தொட்டியில் வைத்தாள்.

"பாட்டிகிட்ட கேட்டியா?" என்றேன்.

"கேட்டேனே! எல்லா வீடும் அவர் வீடுதானாம். அதான் தனியா ஒண்ணு கட்டிக்கலையாம்."

அத்தனாசியுஸைப் படிக்காமலே பாட்டி சொல்லிவிட்டார். சரி, இந்தக் கொம்பு உடைந்த மாட்டையாவது அடுத்த வருடம் மாற்றலாமே என்று நான் சொல்ல, பாட்டி மூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அந்த மாட்டைக் குழந்தைக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

"எதுக்கும்மா மாத்தணும்? நம்ம மாடு."