அடுப்பின் முதுகில் எழுதியிருப்பது

நம் வீட்டுப் பொருள்களுள், முகத்தை நாள்தோறும் பார்த்தும் முதுகை ஒருநாளும் பாராதது எது என்று கேட்டால், மின்சார அடுப்பு என்றே விடை சொல்லலாம். முன்புறத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறோம். அதிலுள்ள கம்பெனிப் பெயரை விருந்தினர்க்குப் பெருமையோடு காட்டுகிறோம். ஆயின், அடுப்புப் பழுதுற்ற நாளில் நமக்குத் துணை நிற்பவை, சுவரைப் பார்த்து நிற்கும் பின்புறத்திலே சிறு தகடொன்றிற் பொறிக்கப்பட்ட நாலைந்து எண்களே. இந்த உண்மையைக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு நோன்பு மாதம் வேண்டியிருந்தது.

அக்கரைப்பற்றிலே நமது அயலில் உம்மா ஒருவர் இருக்கிறார். கேக் செய்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். மேலே நான்கு அடுப்பும் கீழே போறணையுமாக அமைந்த மின்சாரப் பெட்டியொன்று அவர் வீட்டில் உண்டு. சவூதி அரேபியாவிலே பல ஆண்டுகள் உழைத்த அவருடைய கணவர், ஊர் திரும்பியபோது கப்பலிற் போட்டுக் கொணர்ந்தது அது. அவர் மறைந்தபின் அந்தப் பெட்டியே அவ்வீட்டின் வருவாயாயிற்று. 2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாது வெற்றுச் சிலிண்டர்களோடு நாடே வரிசையில் நின்றபோதும், அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோதும், மின்சாரம் வந்த வேளை பார்த்து, நள்ளிரவில் எழுந்தேனும் கேக் சுட்டுக் கொடுத்தவர் அவர்.

நோன்பின் முதல் வாரத்தில் அந்தப் போறணையின் கீழ்க் கொயில் ஒரு வெடியோசையோடு பிளந்தது. பெருநாளுக்கென்று முற்பணம் வாங்கிய கேக்குகள் பல இருந்தன. செய்தி கேட்டு நாம் ஓடினோம். கொயிலைக் கழற்றிப் பார்த்து, எல்லாம் அறிந்தவரைப் போல ஒரு தீர்ப்பும் கூறினோம்.

“உம்மா, இது இனி உதவாது. எறிந்து விடுங்கள். கல்முனைக்குப் போய்ப் புதிதொன்று வாங்கி வருகிறோம்.”

அவரும் நம்பி எறிந்துவிட்டார்.

கல்முனையிலே கடைக்காரர் கேட்ட கேள்விகள் மூன்று: “எத்தனை வோல்ற்று? எத்தனை வாற்று? பழைய கொயில் எங்கே?” நாம் கொண்டு சென்ற விடைகள் இரண்டு: கம்பெனியின் பெயர், பெட்டியின் நிறம் வெள்ளை. கடைக்காரர் சிரிக்கவில்லை, அது அவருடைய பண்பு. “ஒரே கம்பெனி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. பெயரைக் கொண்டு நான் என்ன தருவேன், காக்கா?” என்றார். வெறுங்கையோடு திரும்பினோம்.

பின்னர் ரியாத்திலுள்ள உம்மாவின் மருமகனுக்குச் செய்தி அனுப்பினோம். அவரும் கடைகடையாய் அலைந்து, பார்வைக்கு ஒத்த கொயிலொன்றை ஊருக்கு வந்த நண்பர் கையிற் கொடுத்தனுப்பினார். வளைவு பொருந்தியது, திருகாணித் துளையும் பொருந்தியது. நாமே பூட்டினோம், நாமே ஆளியைப் போட்டோம். கண்ணாடியினூடே பார்த்தால், கொயில் கணப்பொழுதிற் சிவந்து, சிவப்பையும் கடந்து கண் கூசுமளவு ஒளிர்ந்தது. என்ன வலிமை என்று நாம் வியந்து நிற்க, கருகல் மணம் எழுந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்து ஆளியை அணைத்தவர் உம்மா. அன்று அவர் விரையாதிருந்தால் இக்கட்டுரையின் பொருள் வேறாக இருந்திருக்கும்.

அதன் பின்னரே, முதலிற் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்தோம். அவர் இளைஞர். வந்ததும் பிரதான ஆளியை அணைத்தார். பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் படித்தார். 220 வோல்ற்று, 60 ஹேட்ஸ் என்று அங்கே எழுதியிருந்தது. நாம் பூட்டிய புதுக் கொயிலின் காம்பைத் துடைத்தார். 127 வோல்ற்று, 1500 வாற்று என்று இருந்தது.

சவூதி அரேபியாவிலே நெடுங்காலம் 127 வோல்ற்று, 220 வோல்ற்று என இருவகை மின்சாரமும் வீடுகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. 2010ஆம் ஆண்டிலே 230 வோல்ற்றுக்கு மாறுவதென அந்நாட்டரசு முடிவு செய்தது. அதற்காகப் பழைய அளவுச் சாமான்கள் ஒரே நாளில் மறைந்துவிடுமா? அவற்றுளொன்றே மருமகனின் கையில் அகப்பட்டது. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ற்று.

மாணவர்கள் இவ்விடத்தில் எழுதுகோலை எடுத்துக் கொள்ளலாம். ஜேர்மனியரான ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறோமன்றோ? அது அடுக்களையில் எவ்வாறு வேலை செய்கிறதென்று பாருங்கள். 127 வோல்ற்றில் 1500 வாற்றுத் தரும் கொயிலின் தடை ஏறத்தாழ 10.75 ஓம். அதனை 230 வோல்ற்றில் இணைத்தால் ஓடும் மின்னோட்டம் 21 அம்பியருக்கு மேல். வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 4900 வாற்று. வோல்ற்று இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாகவே ஏறியது. வெப்பமோ மும்மடங்கையும் கடந்துவிட்டது. வெப்பம் வோல்ற்றின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே காரணம். நாம் வியந்த வலிமை இதுதான்!

“பழைய கொயில் எங்கே, உம்மா?” என்று இளைஞர் கேட்டார். நாம் தலைகுனிந்தோம். உம்மாவின் இளைய மகள் ஓடிப்போய்க் கோழிக்கூட்டின் அருகிலிருந்து அதனை மீட்டு வந்தாள். பிளந்த கொயிலின் தடையை மானியால் அளக்க இயலாது. உட்கம்பி அறுந்து விட்டதல்லவா? ஆனால் காம்பின் துருவைத் தேய்த்ததும், 220 வோல்ற்று, 1500 வாற்று என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

பிளவினூடே வெண்மையான தூள் உதிர்ந்தது. அது மகனீசியம் ஒட்சைட்டு என்று விளக்கினார். வெளியே நாம் காண்பது உலோகக் குழாய் மாத்திரமே. அதன் நடுவே நிக்கலும் குரோமியமும் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. வெப்பத்திற் சிவந்தும் எளிதிற் கெடாத இக்கலப்புலோகத்திற்கு அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் 1906ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். சுருளுக்கும் குழாய்க்கும் இடையே இறுக நிரப்பப்பட்ட வெண்தூள் வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது.

பின்னர் இளைஞர் பழைய கொயிலை ஒரு கடதாசி மட்டையின்மேல் வைத்து, அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்தார். நீளம், அகலம், இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம், திருகாணித் துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவற்றை மில்லிமீற்றரில் எழுதினார். முனை திருகாணியால் இறுக்குவதா, கவ்வியாற் செருகுவதா என்பதையும் குறித்தார். அடிமட்டமொன்றைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்தார். அப்படம் கொழும்பிலே படிக்கும் உம்மாவின் மூத்த மகனுக்குச் சென்றது. அவன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஏறியிறங்கி, இரண்டாம் நாள் மாலையில் 230 வோல்ற்று, 1500 வாற்றுக் கொயிலொன்றைக் கண்டுபிடித்தான். அது வேறொரு கம்பெனியின் பொருள். பெயர் பொருந்தவில்லை, எண்கள் பொருந்தின. இராப் பேருந்தில் அது ஊர் வந்து சேர்ந்தது.

பூட்டுவதற்கு முன் இளைஞர் இன்னொன்றையும் காட்டினார். பழைய கொயிலைத் தொடுத்த வயரின் கவ்வி துருவேறித் தளர்ந்து, அருகிலுள்ள உறை கருகியிருந்தது. நம்முடையது கடற்கரை ஊர். உப்புக்காற்று எந்த இரும்பையும் விடுவதில்லை. தளர்ந்த இணைப்புத் தானே சூடேறும். புதுக் கொயிலையும் நெடுநாள் வாழவிடாது. எனவே கவ்வியையும், வெப்பந் தாங்கும் வயர்த்துண்டையும் மாற்றினார்.

கீழ்க் கொயில் நன்றாகவே சூடேறியது. மேற் கொயிலையும் சோதிப்போமென்று ஆளியைத் திருப்பியவுடன், வீட்டின் ட்ரிப் சுவிட்சு விழுந்தது. உம்மா நெடுங்காலமாக மேற் கொயிலைப் பயன்படுத்தியதில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் வழி சொன்னார்: “அந்தப் பச்சை வயரைக் கழற்றிவிடு தம்பி, பிறகு விழாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.”

அதுவரை அமைதியாக இருந்த இளைஞரின் முகம் மாறியது. “காக்கா, இன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்த வயரைப் பூட்டச் சொல்லுங்கள். அது உயிர் காக்கும் வயர்” என்றார். ஒழுகும் மின்சாரம் மண்ணுக்குப் போகப் பச்சை வயர் வழி செய்கிறது. அதைக் கழற்றினால் ஒழுக்கு நிற்பதில்லை. பெட்டியின் உடலிலே காத்திருக்கிறது. ஈரக்கையோடு தொடும் பிள்ளையின் உடலே பிறகு அதற்கு வழியாகும். ட்ரிப் சுவிட்சு விழுந்தது பெட்டி நமக்கு இழைத்த துரோகமன்று. வாயில்லாப் பெட்டி சொல்லக்கூடிய ஒரே எச்சரிக்கை அதுவே.

பின் ஏன் ஒழுகியது? அந்த வெண்தூளுக்கு ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. நம் பகுதியின் மாரிக்காலங்களை வேலையின்றிக் கழித்த கொயில், முனைகளின் வழியே ஈரத்தைக் குடித்திருந்தது. இளைஞர் மின்சாரத்தை அணைத்து, மேற் கொயிலின் வயர்களைக் கழற்றிக் காப்பிட்டு வைத்தார். பின்பு கீழ்க் கொயிலை மட்டும் இயக்கிப் போறணையை நன்கு சூடாக்கினார். அச்சூட்டிலே மேற் கொயில் உலர்ந்தது. ஆறியபின் காப்புத் தடையை மானியால் அளந்து, சரியென்று கண்ட பின்னரே மீண்டும் பூட்டினார். ட்ரிப் சுவிட்சு விழவில்லை. எறியப்பட இருந்த ஒரு நல்ல பாகம் பிழைத்தது.

புறப்படும்போது அவர் உம்மாவிடம், “இதன் மணி சரியாக ஓடுகிறதா?” என்று கேட்டார். உம்மா சிரித்தார். “இதில் அரை மணித்தியாலம் வைத்தால் நம் மணிக்கூட்டில் 36 நிமிடம், மகன். வந்த நாளிலிருந்து அப்படித்தான்.” இளைஞர் வியந்தார். மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கொண்டு நேரம் எண்ணும் மோட்டார் அது. 60 ஹேட்ஸுக்குச் செய்யப்பட்டது நம் நாட்டின் 50 ஹேட்ஸில் ஓடும்போது, 30 நிமிடம் மிகச் சரியாக 36 நிமிடமாகும். முதுகுத்தகட்டிலிருந்து அவர் கணக்கிட்டதை, உம்மா கேக்கின் நிறத்திலிருந்தே கண்டுபிடித்திருந்தார்!

பெருநாளுக்கு முன் எல்லாக் கேக்குகளும் உரிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நமக்கும் ஒரு துண்டு கிடைத்தது. தகுதி நோக்கினால் கிடைத்திருக்காது.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்பு ஆறியபின், பிரதான ஆளியை அணைத்துவிட்டு, அதன் முதுகை ஒருமுறை பாருங்கள். மாதிரி எண், வோல்ற்று, வாற்று, ஹேட்ஸ் ஆகியவற்றை வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாகமொன்று கெட்டால் புதியது பூட்டி முடியும்வரை பழையதை எறியாதீர்கள். கடைக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பூட்டும் வேலையை அதைக் கற்றவரிடம் விட்டுவிடுங்கள். பச்சை வயரைக் கழற்றச் சொல்பவர் எவராயினும், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உம்மாவின் அடுக்களை அலுமாரியின் உட்புறத்தில் இப்போது ஒரு கடதாசி மட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. கொயிலின் உருவமும் எண்களும் அதில் உண்டு. அடியிலே இளைய மகளின் கையெழுத்தில் ஒரு வரி: “அரை மணித்தியாலம் என்றால் 36 நிமிடம்.”