கூரை வீட்டில் காஸ் அடுப்பு

திருப்பாலைவனம், பழவேற்காடு ஏரியை ஒட்டிய பகுதி. அங்குள்ள மீனவர் குப்பங்களில் ஒரு காலத்தில் சவுக்கு மிலாறும் வேலிகாத்தான் முள்ளும்தான் விறகு. புகையில் கண் எரியும்; நெஞ்சு கமறும். பெண்கள் பாதி ஆயுளை அடுப்பு ஊதியே கழித்தார்கள்.

அந்த நிலை இன்று மாறிவிட்டது. 2007-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. குடிசைக்குள்ளும் நீலச் சுடர் எரிகிறது. இது நல்ல காரியம். ஆனால் அடுப்பு வந்தால் மட்டும் போதுமா? அதை ஆளும் அறிவும் கூடவே வர வேண்டாமா?

கனமான காற்று

சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட திரவம். வெளியே வந்தால் வாயுவாகிவிடும். ஒரு படி திரவம் ஏறக்குறைய 250 படி வாயுவாகப் பெருகும். இந்த வாயு சாதாரணக் காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது. தண்ணீர் போலத் தரையில் தவழ்ந்து, பள்ளத்திலும் மூலையிலும் தங்கும். தரையில் எரியும் சாமி விளக்கு, கொசுவர்த்திச் சுருள், பீடி நெருப்பு, இதில் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும்.

இந்த வாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். கருவாடு காயும் வீட்டில் அந்த நாற்றம் சட்டென்று தெரியாமல் போகலாம். ஆகவே அங்கே மூக்கு இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஏரிக்கரையின் அபாயங்கள்

ஏரிக் காற்று அடுப்பை அணைத்துவிடுகிறது என்று கதவைச் சாத்துகிறார்கள். கோணியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சுடர் அணைந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். வாசலையும் அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? காற்று நேராக அடிக்காத இடத்தில் அடுப்பை வைக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் மூடக் கூடாது. பால் பொங்கி வழிந்தாலும் அடுப்பு அணையும். சமையல் முடியும்வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உட்கார்ந்து சமைத்த பழக்கத்தில் சிலர் காஸ் அடுப்பையும் தரையிலே வைக்கிறார்கள். இது தவறு. சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் மேடை மேல் இருக்க வேண்டும். மேடை இல்லாவிட்டால் செங்கல் அடுக்கிக் கல்பலகை போடலாம். மேடைக்கு மேல் ஓலைக் கூரை தாழ்ந்திருந்தால், கூரை உயரமான பக்கமாகப் பார்த்து அமைக்க வேண்டும்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அடுப்பின் திருகும் பர்னரும் துருப்பிடித்தால் உடனே மாற்ற வேண்டும். நைலான் வலையையும், படகுக்கு வாங்கிய டீசலையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரையில் பரவியது. 94 பிஞ்சுகள் மாண்டனர். அது காஸ் தீ அல்ல. ஆயினும் சமையல் நெருப்பும் ஓலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தினமும் கவனிக்க

முதலில் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும். பிறகுதான் திருகைத் திறக்க வேண்டும். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். முந்தானையால் சுடுபாத்திரத்தைப் பிடித்து இறக்குவது ஆபத்து. இரவு படுக்குமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூட வேண்டும்.

கசிவு உண்டா என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவினால் போதும். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்ப்பது எமனை வீட்டுக்கு அழைப்பதாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயையே வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். வெடிப்பு கண்டால் அன்றே மாற்ற வேண்டும்.

சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். எண், ஆண்டைக் குறிக்கும். 'பி 30' என்றால் 2030 ஜூன் வரை செல்லும். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்க மறுக்கலாம்.

நாற்றம் வந்தால்

விடியுமுன் எழுந்து, கடலுக்குப் போகிறவர்களுக்குச் சோறு வடிக்கும் தாய்மார்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இருட்டில் காஸ் நாற்றம் வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. செல்போனையும் உள்ளே எடுக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டும். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

உடம்பில் தீக்காயம் பட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். மையும் மாவும் பற்பசையும் தடவக் கூடாது. காயம் பெரிதானால் 108-ஐ அழைக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

பயந்துபோய் மறுபடியும் விறகுக்குத் திரும்புவது புத்திசாலித்தனம் அல்ல. விறகுப் புகை நுரையீரலை மெல்ல மெல்ல அரிக்கும். தேவை பயம் அல்ல, பயிற்சி.

சிலிண்டர் கொண்டுவருகிறவர், அதை எடை போட்டு, கசிவு பார்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது மக்களின் உரிமை. எண்ணெய் நிறுவனங்களும் ஊராட்சிகளும் குப்பம்தோறும் கூட்டம் போட்டு, வாயால் சொல்லாமல் கையால் செய்து காட்ட வேண்டும். சிலிண்டரை மாட்டவும் மூடவும் வீட்டு ஆண்களும் கற்க வேண்டும். சமையல் பெண்ணின் வேலை என்று ஒதுங்குகிறவரின் வீட்டையும் தீ விட்டுவைக்காது.

அரசாங்கம் அடுப்பைக் கொடுத்தது. அதை எப்படி ஆள்வது என்ற பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த உதவி முழுமை பெறும்.