பனித் தரையில் ஒரு காவல்காரர்

ஹாக்கி என்றவுடன் நமது தேசத்தாருக்குப் பச்சைப் புல்தரையும் தியான்சந்தும் ஞாபகத்துக்கு வருவது இயல்பே. ஆனால் குளிர் தேசங்களில் ஹாக்கி என்றால் அது வேறு சமாசாரம். அங்கே தரை, பனிக்கட்டி. கால்களில் இரும்பு விளிம்பு வைத்த ஜோடுகள். பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. அந்த வட்டின் எடை சுமார் 160 கிராம்தான். ஆயினும் மட்டையால் ஓங்கி அடித்தால் அது ரயில் வண்டியையும் தோற்கடிக்கும் வேகத்தில் பறந்து வரும். கட்சிக்கு ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காப்பவர், இருவர் பின்வரிசைக்காரர், மூவர் முன்வரிசைக்காரர். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் பின்வரிசைக்காரருக்குக் கிடைக்கும் புகழ் மிகக் குறைவு. கோல் போட்டவரை ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் விழாமல் தடுத்தவரை யார் கவனிக்கிறார்கள்? வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் ஊர் முழுவதும் பேசும். நுழையாத இரவுகளுக்காகக் காவல்காரருக்கு யாரும் மாலை போடுவதில்லை. இப்படிப்பட்ட ஸ்தானத்தில் நின்றும் ஒரு தேசத்தின் கண்மணியாக விளங்கிய ஒருவரைப் பற்றியே இந்த வாரம் எழுதப் போகிறோம். அவர் பெயர் யான் ஸுகி.

செக் நாட்டில் பொஹீமியாவுக்கும் மொரேவியாவுக்கும் நடுவே மேட்டு நிலப் பிரதேசம் ஒன்று இருக்கிறது. குளிர் அதிகம்; பெரிய நகரங்கள் கிடையா. 1944-ஆம் வருஷம் பிறந்த ஸுகி, அந்தப் பிரதேசத்தில் ஹாவ்லிச்கூவ் பிரோட் என்னும் சிறு நகரத்தில் ஆடப் பழகினார். பிறகு பக்கத்து நகரமான இஹ்லவாவில் இருந்த டுக்லா என்ற இராணுவக் கட்சியில் சேர்ந்தார். கட்டாய இராணுவ சேவைக்கு வந்த வாலிபர்களில் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துப் பழக்கும் கட்சி அது. யாரோஸ்லாவ் பிட்னர் என்னும் ஆசிரியர் அவர்களைக் கடுமையாகப் பழக்கினார். அதன் பலன் என்ன? 1967 முதல் 1972 வரையில் தொடர்ந்து ஆறு வருஷம் அந்தச் சிறு நகரமே செக்கோஸ்லோவேகியாவின் சாம்பியன் பட்டத்தைத் தன் வசம் வைத்துக்கொண்டிருந்தது! தலைநகரமான பிராக், வருஷா வருஷம் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதாயிற்று.

ஸுகி மலை போன்ற ஆகிருதி உடையவர் அல்லர். அவரிடம் இருந்த பலம் வேறு வகையானது. எதிரி மட்டையை ஓங்கும்போதே வட்டு எங்கே வரும் என்று ஊகித்து, அந்த வழியில் தம் உடம்பையே குறுக்கே போட்டுவிடுவார். கோல் காப்பவருக்காவது உடம்பெல்லாம் கனமான மெத்தைக் கவசம் உண்டு. பின்வரிசைக்காரருக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை. தெரிந்தே அடியை வாங்கிக்கொள்ளும் இந்த வித்தையில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே அபூர்வம் என்று சொல்வார்கள்.

தடுப்பதோடு அவர் நின்றுவிடவும் இல்லை. தடுத்த வட்டைத் தாமே எடுத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகுந்துவிடுவார். 1968-69 பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 30. முன்வரிசைக்காரரே பெருமைப்படக்கூடிய தொகை இது. அதே சமயத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கனடா தேசத்து பாபி ஓர் என்பவரும் இவ்விதமே பின்வரிசையின் இலக்கணத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஸுகியை 'ஐரோப்பாவின் பாபி ஓர்' என்று பலர் அழைத்ததில் வியப்பில்லை. தேசத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு அளிக்கும் 'தங்க மட்டை' 1969-ல் முதன் முதலாக ஏற்படுத்தப்பட்டபோது அதைப் பெற்றவர் ஸுகியே. அடுத்த வருஷமும் அவரே பெற்றார். 1969, 1971 ஆகிய இரண்டு வருஷங்களிலும் உலகப் போட்டியின் சிறந்த பின்வரிசைக்காரர் என்ற கௌரவமும் அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவும் விளையாட்டுச் செய்தி. இனி தேசச் செய்திக்கு வருவோம்.

1968-ஆம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி செக்கோஸ்லோவேகியா கண் விழித்தபோது வீதிகளில் அந்நிய டாங்கிகள் நின்றன. டூப்செக் என்னும் தலைவர் ஜனங்களுக்குச் சற்றே பேச்சுச் சுதந்திரம் கொடுத்தார். அதைப் பொறுக்காத ஸோவியத் அரசாங்கம், தன் நேச நாடுகளின் படைகளையும் சேர்த்துக்கொண்டு நுழைந்துவிட்டது. சிறிய தேசம், பீரங்கிக்கு எதிராக என்ன செய்ய முடியும்? பிராக் நகரில் நடப்பதாக இருந்த 1969-ஆம் வருஷத்து உலக ஹாக்கிப் போட்டியும் ஸ்டாக்ஹோமுக்கு மாற்றப்பட்டது.

அங்கே மார்ச்சு 21-ந் தேதி, டாங்கிகள் வந்து சரியாக ஏழு மாதம் ஆன தினத்தில், இரு தேசங்களும் பனித் தரையில் சந்தித்தன. ஸோவியத் கட்சியோ 1963 முதல் உலகப் பட்டத்தை விட்டுக்கொடுக்காத கட்சி. செக்கோஸ்லோவேகியர் சிலர் சட்டையிலிருந்த சிங்க முத்திரைக்கு மேல் உள்ள சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டுத் துணியால் மறைத்துக்கொண்டு இறங்கினார்கள். முதல் பகுதியில் கோல் இல்லை. இரண்டாம் பகுதியில் முதல் கோல் விழுந்தது. போட்டவர் யார் என்கிறீர்கள்? காவல்காரரான ஸுகிதான்! பிறகு செர்னி என்பவர் இன்னொன்று போட்டார். கோல் காத்த ஸுரில்லா ஒன்றையும் உள்ளே விடவில்லை. 2-0 என்று ஆட்டம் முடிந்ததும், வழக்கப்படி கை குலுக்காமலே செக்கோஸ்லோவேகியர் வெளியேறினார்கள்.

ஒரு வாரம் கழித்து 28-ந் தேதி மறுபடியும் வெற்றி, 4-3. அன்றிரவு லட்சக்கணக்கான ஜனங்கள் தேசமெங்கும் வீதிகளில் நிரம்பிவிட்டார்கள். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. பிராக் நகரத்தில் ஸோவியத் விமானக் கம்பெனியின் காரியாலயம் சூறையாடப்பட்டது. கல்லெறிய வசதியாக அதன் எதிரிலேயே கற்கள் குவிந்திருந்தனவாம். அது இரகசியப் போலீஸாரின் வேலை என்று சந்தேகித்தவர்கள் அநேகர். எப்படியானால் என்ன? மாஸ்கோவுக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. ஏப்ரல் 17-ந் தேதி டூப்செக் பதவி இழந்தார். ஹூஸாக் என்பவர் அந்த ஸ்தானத்துக்கு வந்தார்.

பட்டமாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. செக்கோஸ்லோவேகியா ஸோவியத்தை இரு முறை வென்றது. ஸோவியத் ஸ்வீடனை இரு முறை வென்றது. ஸ்வீடனோ செக்கோஸ்லோவேகியாவை இரு முறை வென்றது! மூவருக்கும் சமமாக 16 புள்ளிகள். கோல் கணக்குப் பார்த்து ஸோவியத்துக்கே தங்கம் கொடுத்தார்கள். ஸுகியும் தோழர்களும் வெண்கலத்தோடு வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த வெண்கலத்தைத் தங்கத்துக்கு மாற்றிக்கொள்ள அத்தேசத்தில் எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள்?

கதையை இங்கேயே முடித்துவிட்டால் நேயர்களுக்கும் திருப்தி, நமக்கும் சுலபம். ஆனால் உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்கள் பாதிப் பாடம் நடத்தக் கூடாது.

1972-ஆம் வருஷத்து உலகப் போட்டி பிராக் நகரிலேயே நடந்தது. 1949-க்குப் பிறகு முதல் தடவையாக அன்று செக்கோஸ்லோவேகியா தங்கம் வென்றது. ஸோவியத்தின் ஒன்பது வருஷ ஆட்சி முடிந்தது. அந்த மகா வெற்றியில் ஸுகி இல்லை. காயமோ, அரசாங்கத்தின் கோபமோ காரணம் அல்ல. மது அருந்திவிட்டு மோட்டார் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி, கூட வந்தவர் உயிரிழந்தார். ஸுகி சிறைக்குப் போனார். எங்கிருந்தோ வரும் வட்டுக்கு முன்னால் தம் உடம்பைக் குறுக்கே போட்டுத் தோழரைக் காப்பாற்றியவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் காப்பாற்றத் தவறிவிட்டார்.

தண்டனை முடிந்து திரும்பிய பின் அவர் மறுபடியும் டுக்லா கட்சியில் ஆடினார். 1974-ல் இஹ்லவா மீண்டும் சாம்பியன் ஆயிற்று. பிற்காலத்தில் ஆஸ்திரியா தேசத்திலும் ஆடினார். 2009-ல் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தன் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்தது. 2021-ல் காலமானார்.

இவரை நம் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? குற்றத்தை மறைத்துவிட்டுக் கோலை மட்டும் சொன்னால், பெரியவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று குழந்தைகள் நம்புவார்கள். என்றைக்காவது உண்மை தெரியும்போது எல்லாப் பெரியவர்கள் மீதும் நம்பிக்கை போய்விடும். குற்றத்தை மட்டும் சொன்னாலோ, 1969-ல் ஒரு ஜன சமூகம் அடைந்த ஆறுதல் பொய் என்றாகிவிடும். அது பொய் அல்ல. ஸுகி பனித் தரைக்குத் திரும்பினார் என்பதும், அவரோடு வண்டியில் சென்றவர் எங்கும் திரும்பவில்லை என்பதும் சேர்ந்ததே முழுக் கணக்கு.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆட்டத்தில் காட்டிய தைரியம் ஆட்டத்துக்கு வெளியே தானாகவே கூட வந்துவிடுவதில்லை. மைதானத்தை விட்டு இறங்கிய பின்னும் காவல் இருக்க வேண்டியவர்கள் நாமே. இதைப் பையன்கள் பதினைந்து வயதிலேயே தெரிந்துகொண்டால், வண்டி ஓட்டும் வயது வரும்போது கூட உட்காருபவர்களுக்கு க்ஷேமம்.