பாணும் பனிசும் பருவும்

கொழும்பு மட்டக்குளியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பலருக்குக் காலைச் சாப்பாடு பாண்தான். பின்னேரம் டியூஷனுக்குப் போகிற வழியில் ஒரு பனிஸ், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ, கையில் காசிருந்தால் ஒரு சோடா. விடியமுன்னர் வேலைக்குப் புறப்படும் தாயிடம் போய் இதைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் பரு வந்தால் மட்டும் எல்லோருக்கும் வாய் வந்துவிடுகிறது. "என்ன மகள், முகமெல்லாம் இப்படி?" என்று படலையில் வைத்தே கேட்கிறோம். பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம்.

சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தோல் வைத்தியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சொக்லேட் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு அதற்கு ஆதாரமாக நின்றது. 2002இல் லோரன் கோர்டேன் என்பவரின் குழு அந்த நம்பிக்கையை அசைத்தது. பப்புவா நியூகினியின் கித்தாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தார்கள். ஒருவருக்கும் பரு இல்லை. அவர்களின் சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்காய். பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் தேங்காய்ச் சம்பலையும் மீன் குழம்பையும் பருவுக்குக் காரணமாக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பட்டியலை ஒருதரம் பார்க்க வேண்டும்.

2007இல் மெல்பேர்னில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு, இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றும் சாப்பாடு 12 வாரம். அவர்களுக்குச் சராசரியாக 23 பருக்களுக்கு மேல் குறைந்தன. வழமைபோலச் சாப்பிட்டவர்களுக்கு 12. உணவை மாற்றியவர்களுக்கு உடல் எடையும் குறைந்தது என்பதால் எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. பரு தானாகவே கூடும், தானாகவே குறையும். குறைகிற வாரத்தில் எதைப் பூசியிருந்தோமோ அதற்கே பெயர் போய்ச் சேருகிறது.

சீனியும் வெள்ளை மாவும் இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்ற, இன்சுலின் கூடுகிறது. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அந்த எண்ணெயும் இறந்த கலங்களும் துவாரத்தை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லோருக்கும் அல்ல.

குரக்கன் ரொட்டி, சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல் என்று பத்திரிகையில் எழுதுவது சுலபம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு கிலோ அரிசி வாங்கவே கணக்குப் பார்க்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அதனால் நான் சீனியில் தொடங்கச் சொல்வேன். சீனியைக் குறைக்கக் காசு வேண்டாம், மிச்சமாகும். சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016 முதல் நம் நாட்டில் உண்டு. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கப் பழக்குங்கள். பாணுக்குச் சம்பல் மட்டும் வைக்காமல் பருப்பும் வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் நாளில் சாளை வாங்குங்கள். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகாது. சாப்பாடு மட்டுமல்ல, சோதனைக் காலத்தில் நித்திரை முழிப்பதும் மனப் பதற்றமும் பருவைக் கூட்டும்.

தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அங்கே பரு வரலாம். தேசிக்காய்ப் புளியைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கலாம். நகத்தால் கிள்ளினால் தழும்பு மிஞ்சலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், பெயர் முகவரி இல்லாமல் சின்ன டப்பாவில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்தான். இப்படிப்பட்ட கிறீம்கள் சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும், சிலவற்றில் பாதரசம். ஸ்டெரொயிட் பூசினால் முதலில் பரு அடங்கியதுபோல இருக்கும். மாதங்கள் போக, தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். பூசுவதை நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பொங்கும். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். "இயற்கை மூலிகை" என்று மேலே ஒட்டியிருப்பது எந்த உத்தரவாதமும் அல்ல. பதினாறு வயதுப் பிள்ளை அந்த டப்பாவைத் தேடிப் போவதற்கு, படலையில் நின்று நாம் கேட்கும் கேள்வியும் ஒரு காரணம். தயவுசெய்து அதை நிறுத்துவோம்.

கட்டியாக வலிக்கிற பரு, தழும்பு விடுகிற பரு என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டக் காசு தேவையில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாவிக்கிற கிறீமையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.