ஏசி வாங்குமுன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் ஏசி மெக்கானிக்குக்குப் போன் ஓயாது. "அண்ணாச்சி, கேஸ் எறங்கிட்டு போல, ரூம் கூலிங்கே ஆவல." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் கேஸ் சரியாகத்தான் இருக்கும். ஸ்டூலில் ஏறி சீலிங்கைத் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடும். பகலெல்லாம் வெயில் வாங்கிய ஐந்தங்குலக் கான்கிரீட், இரவில் அதை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி பாவம், அதோடு மல்லுக்கட்டும்.

அந்த ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட் கரண்ட் என்று குறைத்தே வைப்போம். எட்டு மணி நேரம், அறுபது நாள் ஓடினால் 480 யூனிட். ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்சி சேர்ந்ததும் இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும்.

இப்போது சிலர் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, "சீலிங்ல ஸ்ப்ரே ஃபோம் அடிச்சிரலாமா?" என்கிறார்கள். வெப்பத்தைத் தடுக்க ஃபோம் நல்ல பொருள்தான். தருவைகுளத்தில் நாள்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுகளின் ஐஸ் அறையைப் பாருங்கள். பலகைக்கும் ஃபைபருக்கும் நடுவே ஃபோம் இல்லாவிட்டால், சூரை மீன் கரை சேருமுன் ஐஸ் தண்ணீராகிவிடும். ஓர் அங்குல ஃபோம் தடுக்கிற வெப்பத்தைக் கான்கிரீட் தடுக்க வேண்டுமானால் ஐந்தடி கனம் தேவை.

ஆனாலும் நம் ஊரில் சீலிங்கின் அடியில் அதை அடிக்க வேண்டாம் என்பேன். இது உப்புக்காற்று ஊர். தளத்துக் கம்பி துருப்பிடித்தால் முதலில் பழுப்புக் கறை தெரியும், அப்புறம் விரிசல், கடைசியில் காரை பெயர்ந்து விழும். கறையைக் கண்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டால் கொஞ்சச் செலவோடு போகும். ஃபோம் ஒட்டிவிட்டால் கறை எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் கூரை மரத்தின் அடியில் ஃபோம் அடித்த வீடுகளுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. மரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லையாம். அங்கே மரம், இங்கே கம்பி. தகர ஷீட்டுக்கு அடியில் அடித்தாலும் ஒழுகுகிற நீர் உள்ளே தங்கி ஷீட்டை அரிக்கும். தீப்பிடித்தால் ஃபோம் புகையில் சயனைடு வாயு வரும்; அதைத் திறந்தபடி விடவே கூடாது.

அடித்தே தீருவேன் என்பவர்கள் தளத்தின் மேலே அடித்து, அதன்மேல் பூச்சும் கொடுக்க வேண்டும். வெயில் நேரே பட்டால் ஃபோம் பழுப்பேறிப் பொடியும். செலவைக் கேட்டால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

முதலில் மலிவானதைச் செய்யுங்கள். பங்குனிக்குள் மாடியைக் கழுவிக் காயவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிகிற ஊர் இது. வருடாவருடம் மாடியைக் கழுவத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் காசிருந்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதியுங்கள். நம் தாத்தாக்கள் செய்ததுதான். நாமோ, பின்னால் மாடி எடுக்கலாம் என்று கம்பியை நீட்டி விட்டுவிட்டு, வெறும் தளத்தை வருடக்கணக்கில் வெயிலில் போடுகிறோம்.

தளம் ஆறினால் 20-இல் வைத்த ஏசியை 25-க்கு ஏற்றலாம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன் என்று கடைப் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

தெலங்கானா 2023-இலேயே இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போது, வெள்ளைப் பூச்சோ தட்டோடோ கட்டாயம் என்று தூத்துக்குடி மாநகராட்சியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.