வீட்டுச் சிக்கனம்: பழைய கார் ஆசனத்தின் அகமும் புறமும்

பழைய மோட்டார் வண்டியைப் பேணுவோர் பெரும்பாலும் எஞ்சினை நினைந்தே கவலைப்படுவர். எண்ணெய் மாற்றுவர், பற்றரியைப் பார்ப்பர், சில்லுகளுக்குக் காற்றடைப்பர். நாள்தோறும் தாம் அமரும் ஆசனத்தை மட்டும் மறந்துவிடுவர். ரெக்சீன் வெடித்து, உள்ளிருக்கும் ஸ்பொஞ்சு பொடியாய் உதிர்ந்து, கம்பி முனை உடுத்த சேலையைக் கிழிக்கும் நாளிலேதான் வீட்டில் அதுபற்றிய பேச்சு எழுகின்றது. அப்பொழுதும், கடையில் ஓர் உறையை வாங்கி மேலே மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோரே பலர்.

நம் நாட்டில் இவ்விஷயம் சிறிதன்று. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் கார்களும், அவற்றின் காலத்து ஒஸ்ரின் கார்களும் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. 1990களில் வடபகுதியில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி மக்களுக்கு உதவியவையும் இத்தகைய வண்டிகளே. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் இருந்த காரையே பேணிக்கொண்ட குடும்பங்கள் பல. அக்குடும்பங்களுக்கு ஆசனத்தைச் செப்பனிடுதல் ஆடம்பரமன்று, அவசியமாகும்.

ஏனெனில், அமர்ந்து போன ஆசனம் உடம்பையும் உயிரையும் தொடும் விஷயம். சாரதியின் ஆசனம் இரண்டங்குலம் தாழ்ந்தால் அவர் கண்ணும் இரண்டங்குலம் தாழும்; முன்னே குறுக்கிடும் குழந்தை அவருக்குத் தெரியாமற் போகலாம். பள்ளமான பின்னாசனத்திலிருந்து வயோதிபத் தாய் ஒருவர் எழுந்து இறங்குவதற்குள் படும் பாட்டைப் பார்த்தவர்கள், இதைச் சில்லறைச் செலவென்று ஒதுக்கமாட்டார்கள்.

அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பது பழமொழி. கார் ஆசனத்துக்கு இப்பழமொழி பொருந்தாது. முகம் புதிதாயிருக்க அகம் உளுத்திருத்தல் மிகச் சாதாரணம். ஆசனம் என்பது நான்கு பகுதிகளின் சேர்க்கை. மேலே உறை, அதன் கீழ் மெத்தை, மெத்தையைத் தாங்கும் விற்சுருள் அல்லது இறப்பர் வார், எல்லாவற்றையும் ஏந்தும் இரும்புச் சட்டகம். எது பழுதென்று அறியாமல் பணத்தை இறைக்கலாகாது.

முதலில் ஆசனத்தின் மேல்விளிம்பைப் பற்றி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அடியோடு ஆடினால் தண்டவாளமோ, அது பூட்டப்பட்டுள்ள தளமோ பழுது. கதவு இறப்பர் வழியே கசியும் மழைநீரை ஸ்பொஞ்சு குடித்து வைத்திருக்கும். கீழேயுள்ள தகடு துருப்பிடித்து இற்றுப்போகும். மோதல் நேரும்போது அத்தகைய ஆசனம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரக்கூடும். எனவே கசிவை அடைத்து, தகட்டை ஒட்டுவேலைக்காரரிடம் கொடுத்துச் சீர்செய்த பின்னரே தையல் வேலையைத் தொடங்குக. ஒட்டு வைக்குமுன் ஆசனங்கள் யாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஸ்பொஞ்சு தீப்பற்றினால் எழும் புகை கொடிய நஞ்சாகும். பிற்காலத்துக் கார்களில் ஆசனத்தின் ஓரத்திலேயே காற்றுப்பை அமைந்திருப்பதுண்டு. அவற்றில் நாமாகக் கைவைத்தல் தகாது.

அடுத்தது தாங்கும் பகுதி. பிற்காலத்து மொறிஸ் மைனரின் முன்னாசனத்திலே, குழாய்ச் சட்டகத்தின் குறுக்கே கொளுக்கிகளால் இழுத்து மாட்டிய இறப்பர் விரிப்பு ஒன்று உண்டு. அது கிழிந்தாலோ தளர்ந்தாலோ எவ்வளவு நல்ல மெத்தையும் பள்ளமாகும். அதை மாற்றினாலே ஆசனம் பழைய உயரத்துக்கு வருவதைப் பலமுறை காணலாம். விற்சுருள் உள்ள ஆசனமாயின், சுருளுக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையே தடித்த சாக்குத் துணியை இழுத்துக் கட்டுதல் வேண்டும். இல்லையேல் கம்பி அரத்தைப்போல் மெத்தையை அராவிவிடும்.

இனி மெத்தை. இறப்பர்ப் பாலை நுரையாக்கிச் செய்யும் மெத்தையை 1929இல் இங்கிலாந்து டன்லொப் நிறுவனத்தார் உருவாக்கினர். வெப்பத்தாலும் காற்றாலும் அது நாளடைவில் இறுகிப் பொடியாகும்; பொடியானதை மீட்க வழியில்லை. இப்பொழுது பெரும்பாலும் கிடைப்பது பொலியூரித்தேன் ஸ்பொஞ்சு. இதை வாங்குகையில் ஒன்றை மறவாதீர்கள்: அழுத்தினால் கடினமாயிருப்பது வேறு, அடர்த்தி வேறு. ஒரு கனமீற்றருக்கு 30 முதல் 40 கிலோ வரை அடர்த்தியுள்ளதே கார் ஆசனத்துக்கு ஏற்றது. மலிவான ஸ்பொஞ்சு கடையில் கடினமாயிருந்தும் சில மாதங்களிலே படுத்துவிடும்.

முழு மெத்தையையும் எறிய வேண்டுமென்பதில்லை. சாரதி ஏறி இறங்கும் பக்கத்து ஓரமே முதலில் தேயும். தேய்ந்த பகுதியை நீண்ட மெல்லிய கத்தியால் நேராக வெட்டி நீக்கி, அதே உறுதியுள்ள துண்டைக் கால் அங்குலம் பெரிதாக வெட்டிப் பொருத்துக. பசையை இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும். மேற்பரப்பை அணுகுமிடத்தில் பசையைக் குறைத்திடுக. காய்ந்த பசை கோடாக இறுகி அமர்வோரை உறுத்தும். கூடிய பகுதியை வெட்டிச் சீராக்கி, மேலே அரையங்குல ஸ்பொஞ்சு ஒன்றைப் போர்த்தினால் ஒட்டு தெரியாது. அடித்தட்டுக்கு, தும்பிலே இறப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்திய தகடும் மிக நல்லது; வியர்வை ஈரம் தங்காது.

உறையைக் கழற்றும்போது இரும்பு வளையங்களைக் குறட்டால் வெட்டுக. உள்ளேயுள்ள நெடுங்கம்பிகளை எறிந்துவிடாதீர்கள், புதிய உறைக்கும் அவையே வேண்டும். பழைய உறையைப் பிரித்தால் அதுவே அளவுத் துண்டு. பிரிக்குமுன் ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், முன், பின் எனச் சோக்கினால் எழுதிவைப்பது நன்று. தைப்பதற்குப் பருத்தி நூல் ஆகாது; ஈரத்தில் உளுத்துப்போகும். பொலியெஸ்ரர் நூல் வெயிலையும் தாங்கும். ரெக்சீனில் தையல் மிக நெருக்கமாயிருந்தால், தபால் முத்திரைத் தாளின் ஓரம்போல் அவ்வரிசையிலேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும்.

மாட்டுமுன் உறையை அரைமணி நேரம் வெயிலில் விரித்துவைத்தால் இளகி இழுபடும். நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இழுத்து மாட்டுக. வழுக்குவதற்காக ஸ்பொஞ்சின்மேல் பிளாஸ்திக் உறை போட்டால், முடிவில் அதை உருவிவிட வேண்டும். உள்ளே விட்டால் ஈரம் அடைபடும். மெத்தையை அளவுக்கு மீறி உயர்த்துவதும் தவறே. தலை கூரையில் இடிக்கும். தொடை சுக்கானில் முட்டும்.

இவற்றையெல்லாம் வீட்டிலே செய்ய இயலாதவர் குஷன் வேலைக்காரரிடம் கொடுக்கத்தான் வேண்டும். அவ்வாறு கொடுக்கும்போது, "உறை மாற்ற என்ன விலை?" என்று மட்டும் கேளாதீர்கள். உறையைக் கழற்றியபின் தம்மை அழைத்து உள்ளே காட்டுமாறு சொல்லுங்கள். எந்த ஸ்பொஞ்சு, எவ்வளவு கனம், என்ன நூல் என்பவற்றைச் சிட்டையில் எழுதி வாங்குங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்கமாட்டார். தம் வேலையை அறிந்து கேட்பவர் வந்தாரென்று மகிழவே செய்வார். செலவு மிகுதியெனத் தோன்றினால் இவ்வருஷம் சாரதியின் ஆசனத்தை மட்டும் முழுமையாகச் செய்வியுங்கள். நான்கு ஆசனங்களுக்கும் புதுத்தோல் போர்த்தி உள்ளே உளுத்ததை விட்டுவைப்பதிலும் அதுவே மேல்.